நடுச்சுவர்

ஜூன் 11

மயக்கம் வந்தால் எப்போது வந்தது, அந்நேரம் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார் ஈரோட்டு டாக்டர். எழுதுவது எனக்குப் புதிதில்லை. கோபி சார்பு நீதிமன்றத்தில் இருபது வருடமாகச் சுருக்கெழுத்தர். ஆனால் இதுவரை எழுதியதெல்லாம் மற்றவர்கள் சொன்னது.

நேற்று மதியம். ஒரு பாகப்பிரிவினை வழக்கில் சாட்சி விசாரணை முடிந்து, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினேன். பாதியில் நெஞ்சை யாரோ உள்ளங்கையால் அழுத்துவது போல் இருந்தது. கண் விழித்தபோது டபேதார் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். எலுமிச்சை சாதம் படி முழுக்கச் சிதறிக் கிடந்தது. வலது முழங்கையில் சிராய்ப்பு.

இதயத் தசை தடித்திருக்கிறது என்று ஸ்கேனில் வந்திருக்கிறது. கோவைக்குப் போகச் சொல்லிவிட்டார்கள்.

ஜூன் 20

கோவை. டாக்டர் பெலிக்ஸ். ஐம்பது வயது இருக்கலாம். காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார்.

"கீழ ரெண்டு அறை இருக்கு. நடுவுல ஒரு சுவர். அது ஒரு சென்டிமீட்டர் கனம் இருந்தா போதும். உங்களுக்கு ரெண்டேகால் இருக்கு. ரத்தம் வெளிய போற வாசல்ல வந்து இடிக்குது. படி ஏறும்போது இதயம் வேகமாத் துடிக்குமில்ல, அப்ப வாசல் இன்னும் குறுகிடும். அதான் மயக்கம்."

"எதனாலங்க?"

"பெரும்பாலும் பரம்பரை. பொறப்புலயே இருக்கும், வெளிய தெரிய வருஷமாகும். உங்க குடும்பத்துல சின்ன வயசுல யாராவது திடீர்னு இறந்திருக்காங்களா?"

"இல்லீங்க" என்றேன்.

என் கணவர் வெள்ளியங்கிரி என் பக்கம் திரும்பினார். நான் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"குழந்தைங்க?"

"ஒரு பொண்ணு. பவதாரிணி. இங்கதான் காலேஜ்ல ரெண்டாவது வருஷம். ஓட்டப் பந்தயத்துல எல்லாம் கலந்துக்கறா" என்று அவரே சொன்னார்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப அவளுக்கு ஒரு எக்கோ எடுத்துருங்க. தள்ளிப் போடாதீங்க."

சரி என்றேன். மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

திரும்பும்போது அன்னூரில் டீ குடித்தோம். "டாக்டர்கிட்ட எதுக்கு இல்லைன்னு சொன்னே?" என்றார்.

"தண்டபாணிக்கு வெயில் தாக்குனதுதானுங்க. அது வேற."

தண்டபாணி என் தம்பி. வாலிபால் ஆடும்போது வெயில் தாக்கி இறந்தான். இருபத்தைந்து வயது. எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள்.

ஜூலை 3

மாத்திரையால் கை கால் ஓய்ந்து கிடக்கிறது. இட்லிக்கு மாவாட்ட முடியவில்லை. அவர் பாக்கெட் மாவு வாங்கி வந்தார். புளிப்பு அதிகம்.

ஜூலை 9

தாரிணி போனில் பேசினாள். எனக்கு ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியிருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறேன் என்று சொன்னேன். அவளுக்குச் செமஸ்டர் தேர்வு நடக்கிறது. எக்கோ பற்றிப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

ஜூலை 24

தேர்வு முடிந்து ஐந்து நாள் வீட்டில் இருந்தாள். மழை பிடித்துக்கொண்டது. இந்த மழையில் எக்கோவுக்காகக் கோவைக்கும் வீட்டுக்கும் அலைய வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

அதிகாலையில் வாய்க்கால் மேட்டில் ஓடிவிட்டு வந்தாள். ஈரத் தலையோடு நின்று இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தாள். மூச்சு வாங்குகிறதா என்று கேட்டேன். "ஓடுனா வாங்காம இருக்குமா?" என்றாள்.

ஆகஸ்ட் 6

நீதிமன்றக் கழிப்பறையில் மறுபடி மயக்கம். அடி எதுவும் இல்லை.

ஆகஸ்ட் 17

மண்டலப் போட்டி. தாரிணி நானூறு மீட்டரில் முதல் இடம். வீடியோ அனுப்பியிருந்தாள். முழுதாகப் பார்க்கவில்லை. இரவு தூக்கம் வரவில்லை. மாத்திரை காரணமாக இருக்கலாம்.

ஆகஸ்ட் 21

கோவை. மாத்திரை போதவில்லை, அடைப்பு குறையவில்லை என்றார் பெலிக்ஸ். இரண்டு வழி இருப்பதாகச் சொன்னார். சாட்சியம் எடுப்பது போலவே குறித்துக்கொண்டேன்.

முதல் வழியில் தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை இதயம் வரை கொண்டு போவார்கள். தடித்த சுவருக்கு ரத்தம் கொடுக்கும் சின்னக் கிளை ஒன்று உண்டு. அதில் கொஞ்சம் ஆல்கஹால் செலுத்துவார்கள். அந்த இடத்துத் தசை செத்துப்போகும். பிறகு மெல்ல மெல்லச் சுருங்கி, வாசல் விலகும். நெஞ்சைத் திறக்க வேண்டாம். சில நாளில் வீடு. ஆனால் பலன் முழுதாகத் தெரிய மாதங்கள் ஆகலாம். பத்தில் ஒருவருக்கு பேஸ்மேக்கர் வைக்க வேண்டி வரும். சிலருக்கு மறுபடியும் செய்ய நேரும்.

"தசை செத்துப்போகும்னா?" என்று என் கணவர் கேட்டார்.

"சின்னதா ஒரு மாரடைப்பு மாதிரி. எங்க வேணுமோ அங்க மட்டும் நாங்களே உண்டாக்கறோம்."

அவர் முகம் வெளிறிவிட்டது. மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர். கருகிப்போன காயிலைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாகச் சுற்றுவதுதான் அவருக்குத் தெரிந்த வைத்தியம். வேண்டுமென்றே ஒன்றைக் கருக்குவது அவருக்குப் புரியவில்லை.

இரண்டாவது வழி அறுவை. அதற்கு டாக்டர் வசுமதியைப் பார்க்கச் சொன்னார். அதே கட்டடம், மூன்றாவது மாடி. லிஃப்டில் போனோம்.

வசுமதி சுருக்கமாகப் பேசுகிறவர். "நெஞ்செலும்பைப் பிளந்து திறப்போம். இதயத்தை நிறுத்திட்டு மெஷின்ல ஓட விடுவோம். பெரிய குழாய் வழியா உள்ள போய், கூடுதலா இருக்கற தசையைச் சீவி எடுத்துருவேன். அடைப்பு அன்னிக்கே போயிரும். தேற ரெண்டு மூணு மாசம் ஆகும்."

"ரிஸ்க்குங்க?"

"இருக்கு. இது எல்லாரும் செய்யற ஆபரேஷன் இல்ல. நிறைய செஞ்ச இடத்துலதான் செஞ்சுக்கணும். நான் செஞ்சிருக்கேன். என் கணக்கு வேணும்னா காட்டறேன்."

"எது நல்லதுங்க?"

"வயசானவங்க, வேற நோய் இருக்கறவங்கன்னா பெலிக்ஸ் சார் முறை. சின்ன வயசு, சுவர் ரொம்பத் தடிமன்னா என் முறை. உங்களுக்கு நாப்பத்தேழு. நடுவுல இருக்கீங்க. நானா இருந்தா திறந்து எடுத்துருவேன். ஆனா நான் கத்தி புடிக்கறவ, அப்படித்தான் சொல்லுவேன்."

எனக்கு அந்த அம்மாவைப் பிடித்திருந்தது. இருந்தாலும் குழாய் முறைக்குத்தான் ஒப்புக்கொண்டேன். நீண்ட விடுப்பு எடுக்க முடியாது. ஆபரேஷன் என்றால் சொந்தக்காரர்கள் வருவார்கள், தாரிணி வருவாள், ஆளாளுக்குக் கேள்வி கேட்பார்கள்.

செப்டம்பர் 2

வெள்ளியங்கிரி கடையை அடைத்துவிட்டு வந்து, சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

"புள்ளைய ஒருக்கா கூட்டிட்டுப் போயி பாத்துப்போடலாம் வாணி. அரை மணி நேர வேலை."

"எனக்கு முடியட்டுமுங்க. ஒண்ணொண்ணா பாத்துக்கலாம்."

"ஒண்ணும் இல்லைன்னு வந்துட்டா நிம்மதிதானே?"

ரசம் ஆறிவிட்டது என்று சுட வைக்கப் போனேன்.

செப்டம்பர் 18

குழாய் சிகிச்சை நடக்கவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

விழித்தேதான் இருந்தேன். தொடையில் மரத்துப்போக ஊசி. உள்ளே குழாய் போவது தெரியவே இல்லை. கழுத்து வழியாக இன்னொரு கம்பி. அறை குளிர். நெஞ்சின் மேல் ஒரு பெண் எக்கோ கருவியை வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள். ஆல்கஹால் செலுத்தும் முன், அந்தக் கிளை எங்கே போய்ச் சேருகிறது என்று பார்க்க மருந்து ஒன்றைச் செலுத்தினார்கள்.

திரையைப் பார்த்து பெலிக்ஸ் பேசுவதை நிறுத்தினார். இன்னொரு கிளையில் செலுத்திப் பார்த்தார். அந்தப் பெண் தலையை ஆட்டினாள்.

"கோகிலவாணி, கேக்குதா? நிறுத்திக்கிறோம். உங்களுக்கு அந்தக் கிளை சுவருக்கு மட்டும் போகலை. வால்வைத் தாங்கற தசைக்கும் போகுது. ஆல்கஹால் விட்டா அதுவும் செத்துரும். அது கெட்டா வால்வு கெட்டுரும்."

"இப்ப என்னங்க பண்றது?"

"இந்த வழி உங்களுக்கு இல்ல."

குழாயை உருவி எடுத்தார்கள். தொடையை ஒருவர் வெகுநேரம் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். மோட்டார் சைக்கிளுக்குப் பெட்ரோல் விலை பற்றி இன்னொருவரோடு பேசினார். அது எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

வார்டில் என் கணவர், "போனது போகட்டும், அந்தம்மாகிட்டயே போலாம்" என்றார். தாரிணிக்கு அவரே போன் செய்துவிட்டார். என்னைக் கேட்கவில்லை.

செப்டம்பர் 19

வந்தாள். ஹாஸ்டல் சப்பாத்தியும் குருமாவும் கொண்டு வந்தாள். "ரத்த அழுத்தம்னு சொன்னே" என்றாள். அதற்கு மேல் கேட்கவில்லை.

அக்டோபர் 5

விடுப்பு விண்ணப்பம் கொடுத்தாயிற்று. எனக்குப் பதிலாகப் பவானியிலிருந்து ஒரு பெண் வருகிறாள். என் நாற்காலியின் உயரம் அவளுக்குப் போதவில்லையாம்.

அக்டோபர் 23

நாளை மறுநாள் ஆபரேஷன். இன்று அனுமதி. வசுமதி தானே வந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டார். கட்டிலின் ஒரு பக்கம் வெள்ளியங்கிரி, கால்மாட்டில் தாரிணி.

"அப்பா?"

"அறுபத்தெட்டு வயசுல சர்க்கரைல போயிட்டாருங்க. அம்மா புற்றுநோய்."

"கூடப் பொறந்தவங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர், "ஒரு தம்பிங்க. சின்ன வயசுல தவறிட்டான்" என்றார்.

வசுமதி எழுதுவதை நிறுத்தினார். "எப்படி?"

"வெயில் தாக்கி" என்றேன். "வெள்ளகோவில்ல வாலிபால் போட்டி. ஆடிட்டு இருக்கையிலயே விழுந்துட்டான்."

"மே மாசமா?"

"தை மாசமுங்க."

"எத்தனை மணி இருக்கும்?"

வெள்ளியங்கிரிதான் சொன்னார். அன்றைக்கு அவரும் அங்கே இருந்தார். "எட்டு மணி இருக்குமுங்க. ராத்திரி. லைட்டு போட்டு ஆடுனாங்க."

பக்கத்துக் கட்டிலில் யாரோ ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்கள். வாசனை வந்தது.

வசுமதி கோபப்படவில்லை. "இதை ஜூன்லயே சொல்லியிருக்கணும்" என்று மட்டும் சொன்னார். தம்பி அப்படி இறந்திருக்கிறான், எனக்கும் மயக்கம் வந்திருக்கிறது, அதனால் ஆபரேஷனோடு வேலை முடியாதாம். துடிப்பு தாறுமாறானால் உள்ளிருந்தே அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும் கருவி ஒன்றைத் தோளுக்குக் கீழே பதிக்க வேண்டும் என்றார். பிறகு பழைய தாள்களைப் புரட்டினார்.

"பொண்ணுக்கு எக்கோ எடுக்கச் சொல்லி பெலிக்ஸ் சார் எழுதியிருக்காரே. எடுத்தாச்சா?"

"பரிச்சையா வந்துட்டே இருந்துச்சுங்க" என்றேன்.

தாரிணி கால்மாட்டிலிருந்து எழுந்து வெளியே போனாள். தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு போனாள். பாட்டில் நிறைந்துதான் இருந்தது.

அக்டோபர் 24

இன்றிரவிலிருந்து வயிறு காலியாக இருக்க வேண்டும். நெஞ்சைச் சுத்தம் செய்து பச்சை அங்கி போட்டுவிட்டார்கள். தாலிக்கொடியை என் கணவரிடம் கொடுத்தேன். சட்டைப் பைக்குள் போட்டு, குண்டூசி குத்திக்கொண்டார்.

நவம்பர் 1

பேனா பிடிக்க முடிகிறது. எழுத்து கோணல்.

நவம்பர் 3

தீவிர சிகிச்சைப் பிரிவு அதிகம் நினைவில்லை. தொண்டையில் குழாய். தாகம். ஈரப் பஞ்சால் உதட்டை நனைத்துவிட்ட நர்ஸுக்கு மலையாளம் கலந்த தமிழ். இருமும்போது நெஞ்சோடு அணைத்துக்கொள்ளத் தலையணை கொடுத்திருக்கிறார்கள். இருமினால் எலும்பு பிரிந்துவிடும் போல வலிக்கிறது.

வசுமதி வந்தார். வெட்டி எடுத்த தசை ஒரு பெரிய நெல்லிக்காய் அளவு இருந்ததாம். "வாசல் நல்லாத் திறந்துருச்சு." மெஷினிலிருந்து விடுவித்த உடனேயே சோதித்துப் பார்த்துவிட்டார்களாம். கருவியை முந்தா நாள் பதித்தார்கள். இடது தோளுக்குக் கீழே தீப்பெட்டியைச் செருகியது போல் புடைத்திருக்கிறது.

தாரிணி தலை பின்னிவிட்டாள். இறுக்கமாகப் பின்னினாள்.

நவம்பர் 8

வீடு. படுத்து எழுந்திருக்க அவர் கயிறு கட்டிக் கொடுத்திருக்கிறார். மாவு, குக்கர், வாளி எதையும் தூக்கக்கூடாது. பக்கத்து வீட்டு அம்மா கொள்ளுப் பருப்பு கொண்டு வந்தார்.

நவம்பர் 26

வாசல்வரை நடந்தேன், பிறகு தெருமுனை வரை. மூச்சு வாங்கவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தபோதுதான் அது தெரிந்தது. இத்தனை நாள் மூச்சு வாங்குவதுதான் நடை என்று நினைத்திருந்தேன்.

நவம்பர் 28

தாரிணி ஏன் சனி, ஞாயிறுகூட வருவதில்லை என்று கேட்டேன். வெள்ளியங்கிரி கேஸ் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

"நீ ஆபரேஷன்ல இருக்கையில அவளே கீழ எறங்கிப் போயி எக்கோ எடுத்துட்டா. நானும் கூட இருந்தேன்."

"என்ன வந்துச்சு?"

"ஒண்ணே முக்கால். அடைப்பு இல்லையாமா. ஆனா தடிமன் இருக்குது. பந்தயத்துல ஓடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இன்னும் ரெண்டு மூணு டெஸ்ட்டு எடுக்கோணுமாம். நீ தேறட்டும்னு சொல்லாம இருந்தோம்."

"ஓடறத நிறுத்திட்டாளா?"

"நிறுத்திட்டேன்னுதான் சொல்றா."

மதியம் மாத்திரை சாப்பிட மறந்துவிட்டேன். மாலையில் சாப்பிட்டேன்.

டிசம்பர் 14

மாலை தாரிணியின் கோச் போன் செய்தார். பல்கலைக்கழகப் போட்டி இன்று நடந்ததாம். "முந்நூறு மீட்டர் வரைக்கும் முன்னாலதான் வந்தா மேடம். அப்புறம் திடீர்னு டிராக்கை விட்டு இறங்கிட்டா. உடம்பு சரியில்லைங்களா? கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறா."

இப்போது எங்கே இருக்கிறாள் என்று கேட்டேன். நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறாள் என்றார். நன்றாகத்தான் இருக்கிறாளா என்று இன்னொரு முறை கேட்டேன். அதற்கு முன்பும் கேட்டிருக்கிறேன் போல. "மூணு தடவ கேட்டுட்டீங்க மேடம்" என்றார்.

வெள்ளியங்கிரி பனியனோடு வண்டியை எடுத்துவிட்டார். சட்டையைப் பின்னால் ஓடிப்போய்க் கொடுத்தேன். ஓடக்கூடாது என்பது நினைவில்லை.

டிசம்பர் 15

நேற்றே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். காலையில் அடுக்களையில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். எதிரில் வந்து உட்கார்ந்து அவளும் உரித்தாள்.

"ஓடக் கூடாதுன்னு தெரிஞ்சும் எதுக்கு கண்ணு ஓடுனே?"

"ஜூன்ல இருந்து ஓடிட்டுத்தானம்மா இருந்தேன். அப்ப உனக்குத் தெரியுமில்ல?"

நான் உரித்துக்கொண்டிருந்தேன்.

"எனக்கு ஒண்ணுமே பண்ணலம்மா. மூச்சு வாங்கல, நெஞ்சு வலிக்கல. நீயாவது மயங்கி விழுந்தே. நான் நல்லா இருக்கேன். நல்லா இருக்கறவள ஓடாதேன்னா எப்படி? ஒருக்கா ஓடிப் பாத்துரலாம்னு ஓடுனேன்."

"அப்புறம் எதுக்கு நின்னே?"

தோலை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"வளைவுல திரும்புறப்ப மாமா நெனப்பு வந்துருச்சு. அவருக்கும் ஒண்ணும் பண்ணியிருக்காதில்ல, விழற வரைக்கும்? நெஞ்சு நல்லாத்தான் அடிச்சுது. எனக்குத்தான் பயம் வந்துருச்சு. கால் நின்னுருச்சு. எல்லாரும் தாண்டிப் போனாங்க. எப்பவும் கடைசில வர்றவகூட என்னை ஒரு மாதிரி பாத்துட்டுப் போனா."

சொல்லிவிட்டு அழுதாள். வெங்காயத்தால் என்று சாக்குச் சொல்லவில்லை.

எழுந்து போய் அவள் தலையை என் மேல் சாய்த்துக்கொண்டேன். நெஞ்செலும்பில் பட்டு வலித்தது. விலக்கவில்லை.

"நீயும் பயந்துட்டுத்தான் என்னைக் கூட்டிட்டுப் போகலையா?" என்று சேலைக்குள்ளிருந்து கேட்டாள்.

"ஆமா" என்றேன்.

"சொல்லியிருக்கலாமில்ல."

"ஆமா கண்ணு."

மதியம் வெங்காய சாம்பார், முட்டைக்கோஸ் பொரியல். மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். அவர் இரண்டு முறை சாம்பார் போட்டுக்கொண்டார்.

டிசம்பர் 29

தாரிணி கோச்சுக்குத் தானே போன் செய்து, இனி ஓடமாட்டேன் என்று சொன்னாள். காரணத்தையும் சொன்னாள். பக்கத்து அறையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். மாமா பெயரையும் சொன்னாள். இந்த வீட்டில் அந்தப் பெயரை இவ்வளவு சாதாரணமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஜனவரி 8

கோவை. எனக்குத் தையல் பார்க்கவும் கருவியைச் சோதிக்கவும் வேண்டும். தாரிணிக்கு எம்.ஆர்.ஐ., பிறகு ஒரு நாள் முழுக்கத் துடிப்பைப் பதிவு செய்யும் பெல்ட். அவளுக்கும் கருவி தேவையா என்பதை இவற்றைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்களாம்.

இரண்டு டோக்கன் வாங்கினோம். வரிசையாக மூன்று நாற்காலி காலியாக இல்லை. அவர் தூணில் சாய்ந்து நின்றார். தாரிணி போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். யாரோ ஓடும் வீடியோ. மூடாமல் என் பக்கம் திருப்பி வைத்தாள். இரண்டு பேரும் பார்த்தோம். ஆகஸ்ட் மாதப் பந்தயம். கடைசி வளைவில் மற்றவர்களை விட்டுவிட்டு முன்னால் வருகிறாள். கோட்டைத் தாண்டியதும் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரிக்கிறாள்.

"நல்லா ஓடுனே" என்றேன்.

"தெரியும்" என்றாள்.

அவள் பெயரைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். நானும் எழுந்தேன்.